பேட்டை ஊன்றி நின்றவர்

1948 ஆகஸ்ட் 14. லண்டன் ஓவல் மைதானம். தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் டான் பிராட்மேன் ரெண்டாவது பந்திலேயே டக் அவுட். சராசரி 99.94-ல் நின்றுபோனது. கிரிக்கெட் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத் தூக்கத்தில்கூடச் சொல்வாங்க. ஆனா அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 16 இரவு, நியூயார்க்கில் இறந்துபோன இன்னொரு மனிதரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. பேஸ்பாலுக்கு அவர்தான் பிராட்மேன். ரெண்டு பேரும் 1932-ல் நியூயார்க் மைதானத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மேட்ச்கூடப் பார்த்திருக்கிறார்கள். பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். உலகம் கூப்பிட்டது பேப் ரூத் என்று.

நான் இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் பேஸ்பால் இல்லை. எனக்கு அந்த ஆட்டத்தின் ரூல்ஸே பாதிதான் புரியும். கதிர்வீச்சு, கீமோ என்று ரெண்டு சிகிச்சையையும் எடுத்துக்கொண்ட முதல் சில நோயாளிகளில் ரூத்தும் ஒருவர். அவ்வளவையும் அவர் தாங்கினார். ஆனால் தனக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. எங்க வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. அதைப் பிறகு சொல்றேன்.

ரூத் பிறந்தது 1895 பிப்ரவரி 6, பால்டிமோர் நகரத்தில். அப்பா மதுக்கடை நடத்தினார். அம்மா எட்டுப் பிள்ளைகள் பெற்று, பிழைத்தது ரெண்டுதான்: இவரும் ஒரு தங்கையும். தெருவில் சுற்றுவது, திருடுவது, புகையிலை மெல்லுவது என்று பையன் கைமீறிப் போக, ஏழு வயதில் கொண்டுபோய்ப் பாதிரிமார் நடத்திய ஒரு சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கேதான் சட்டை தைக்கப் படித்தார். அங்கேதான் பேட் பிடிக்கவும் படித்தார். பத்தொன்பது வயதில் ஒரு தொழில்முறை அணி கூட்டிப்போக வந்தபோது, கையில் தையல் தொழிலும் பந்து வீச்சும் மட்டும்தான் இருந்தது.

பாஸ்டன் அணிக்கு முதலில் பவுலராக ஆடினார். 1920-லிருந்து நியூயார்க் யாங்கீஸ். அங்கே போன பிறகு அடிக்க ஆரம்பித்ததுதான் சரித்திரம். ஹோம் ரன் என்பதை நம்ம சிக்ஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட ரொம்ப அரிது. 1927-ல் ஒரே சீசனில் 60 அடித்தார். அந்த வருடம் அவருடைய லீக்கில் இருந்த மற்ற ஏழு அணிகளில் ஒரு அணிகூட மொத்தமாகவே 60 அடிக்கவில்லை. ஓய்வு பெறும்போது கணக்கு 714. அந்த எண்ணை இன்னொருத்தர் தாண்ட 1974 வரை ஆனது.

சாப்பாடு, குடி, சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை, எதிலும் அளவு கிடையாது. ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைப் பார்க்கப் போவதிலும் அளவு கிடையாது, அதையும் சொல்லணும். 1935-ல் ஆட்டத்தை விட்டார். ஒரு அணிக்கு மேனேஜர் ஆகவேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டார். யாரும் கூப்பிடவில்லை.

1946-ல் இடது கண்ணுக்கு மேலே வலி ஆரம்பித்தது. குரல் கம்மியது. விழுங்கச் சிரமம். நவம்பரில் நியூயார்க்கின் ஃபிரெஞ்ச் ஹாஸ்பிட்டலில் சேர்ந்தபோது முகத்தின் இடது பக்கம் வீங்கி, கண் மூடியே கிடந்தது. சைனஸாக இருக்கும், பல்லாக இருக்கும் என்று முதலில் நினைத்து மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. காரணம் பல்லில் இல்லை. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில், மண்டையோட்டின் அடிப்பாகத்தை ஒட்டி ஒரு கட்டி. அங்கிருந்து கழுத்துக்கும் பரவியிருந்தது. நரம்புகளை அது நெருக்கியதால்தான் கண்ணும் குரலும் விழுங்குவதும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. கழுத்தில் அறுவை செய்தும் முழுசாக எடுக்க முடியவில்லை. கத்தி போக முடியாத இடம் அது. அப்புறம் கதிர்வீச்சு.

இங்கே கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வரலாம். அன்றைய எக்ஸ்ரே சிகிச்சை எந்திரங்கள் சில நூறு கிலோவோல்ட்டில் ஓடுபவை. அந்த ஆற்றலில் வரும் கதிர் தன் அதிகபட்ச டோஸைத் தோலிலேயே கொட்டிவிடும். ஆழத்தில் இருக்கிற கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேரணும்னா, மேலே இருக்கிற தோல் அதைவிட அதிகமாக வேகணும். இன்றைக்கு இருக்கிற லீனியர் ஆக்சிலரேட்டர் 6 மெகாவோல்ட்டில் ஓடும்போது அதிகபட்ச டோஸ் விழுவது தோலுக்குக் கீழே சுமார் ஒன்றரை சென்டிமீட்டரில். பல கோணங்களிலிருந்து கதிரை அனுப்பி, கட்டியின் வடிவத்துக்கே டோஸைச் செதுக்க முடிகிறது. ரூத்துக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சுமார் 36 கிலோ எடை குறைந்தது. 1947 பிப்ரவரியில் வீட்டுக்குப் போனபோது, ஒரு காலத்தில் தொப்பையோடு ஓடி ஊரையே சிரிக்க வைத்த ஆளைப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. அதில் ஒரு சின்னப் பையன் தன்னிடம் இருந்த மாதா பதக்கம் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தான். ரூத் அதைத் தன் பைஜாமாவில் குத்திக்கொண்டார்.

அவ்வளவு பேருக்கு அவர் உடம்பு சரியில்லை என்று தெரியும். என்ன நோய் என்று அவருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வாரோ என்று குடும்பம் பயந்தது. டாக்டர்களும் ஒத்துப்போனார்கள். இதை இன்றைய கண்ணால் பார்த்துத் திட்டுவது சுலபம். ஆனால் அன்றைக்கு அதுதான் வழக்கம். 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் டாக்டர்களிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருடத்தில் இப்படித் தலைகீழ். மனித மனம் அதுக்குள்ள மாறியிருக்குமா? மருந்து மாறியிருந்தது, அதுதான் விஷயம்னு எனக்குத் தோணுது. செய்வதற்கு ஒன்று இருக்கும்போது சொல்வது சுலபமாகிறது.

அந்த மருந்தின் கதையில்தான் நம்ம சென்னை வருகிறது.

எல்லாப்ரகட சுப்பாராவ். ரூத்துக்கு 25 நாள் மூத்தவர்: 1895 ஜனவரி 12, பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலிலிருந்து எழுதி பாஸ். அரியர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிக்கும்போது காந்தி சொன்னார் என்று கதர் கோட்டு போட்டுக்கொண்டு போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்எம்எஸ்தான் கையில் வந்தது. ஹார்வர்டு போனார். 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிக்கே தலைவரானார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

செல் பிரிய வேண்டும் என்றால் டிஎன்ஏவுக்கு நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். அந்தக் குடும்பத்து வேதிப்பொருட்களை எலிகளுக்குக் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ரிச்சர்டு லூவிசோன் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாமல் பாட்டிலில் சேமிக்க எவ்வளவு சிட்ரேட் போடணும் என்று 1915-லேயே கணக்குச் சொன்னவர் இவர்தான். இவர் கையில் இருந்த புது மருந்து டெரோப்டெரின். ஃபோலிக் அமிலத்தோடு கூடுதல் குளூட்டாமிக் அமிலம் கோத்த சங்கிலி. தயாரித்தது சுப்பாராவின் ஆய்வகம்.

1947 ஜூன் கடைசியில் ரூத்துக்கு இந்த ஊசி ஆரம்பித்தது. தினமும் ஒன்று, ஆறு வாரம். மனிதர்களுக்குக் கொடுத்துப் பெரிய அனுபவம் யாருக்கும் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாவிட்டாலும் மருந்து புதுசு, என்ன ஆகும் என்று தெரியாது என்பது ரூத்துக்குத் தெரிந்தே இருந்தது. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் தன்னைப் போன்றவர்களுக்குப் பிறகு உதவும் என்று நினைத்துச் சம்மதித்ததாக அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. எனக்கு இந்த இடம் ரொம்ப நேரம் உறுத்தியது. இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஆளிடம், நோயின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மருந்து கேட்டது. கழுத்துக் கட்டிகள் சுருங்கின. வலி குறைந்தது. சாப்பிட ஆரம்பித்தார், எடை ஏறியது. அந்த செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சர்வதேசப் புற்றுநோய் மாநாட்டில், பெயர் சொல்லாமல் ஒரு நோயாளியின் முன்னேற்றத்தை விவரித்தார்கள். அவர் யார் என்பது பிறகு உலகத்துக்கே தெரிந்தது. ரூத் அந்த நாட்களை வீணாக்கவில்லை. சின்னப் பையன்களின் பேஸ்பால் போட்டிகளுக்காக ஊர் ஊராகப் போனார்.

இப்போ எங்க தாத்தா.

நான் பிளஸ் டூ படிக்கும்போது தாத்தாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண். ஐம்பது வருஷ வெற்றிலை, புகையிலை. டெஸ்ட் எடுத்ததில் புற்றுநோய். அப்பா, அத்தை, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்து பேசி, தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நானும்தான் தலையாட்டினேன். வாய்ப்புண்ணுக்குக் கரண்ட் வைக்கிறாங்கப்பா, சரியாயிடும் என்று அப்பா சொன்னார். வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம். முகத்தின் அச்செடுத்த வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்குவார்கள். தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது என்பதற்காக. எதுக்குடா என்னை இப்படிக் கட்டிப் போடுறானுங்க என்று தாத்தா என்னிடம்தான் கேட்டார். நான் ஏதோ உளறினேன்.

மூன்றாவது வாரம் வாய் முழுக்கப் புண். கதிர்வீச்சுக்கு அது எதிர்பார்த்ததுதான். வாயின் உள்தோல் வேகமாகப் பிரிகிற செல்களால் ஆனது, கதிர் முதலில் அதைத்தான் அடிக்கும். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கணும், காரம் தொடக்கூடாது, வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டுக்கணும், விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாக டியூப் என்று நர்ஸ் எல்லாம் சொல்லியிருந்தார். எங்களிடம். தாத்தாவிடம் இல்லை. அவர் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க: வாய்ப்புண்ணுக்கு வைத்தியம்னு வந்தா, புண் பத்து மடங்கு ஆகுது. பதினாலாவது நாளோடு வரமாட்டேன் என்று ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் செய்தது நூறு சதவீதம் நியாயம். நாங்க கொடுத்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு.

கதிர்வீச்சில் இடையில் நாள் விடுவது ஆபத்து. மிச்சம் இருக்கிற புற்றுசெல்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகும். ஒன்பது நாள் போனது. பிறகு அப்பா ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம் கேட்டது, இன்னும் எத்தனை நாள் கரண்ட் பாக்கி என்றுதான். காலண்டரில் பேனாவால் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே முடித்தார். வாரம் ஒரு முறை கீமோவும் ஏறியது. அன்றைக்கு வாந்திக்கு மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்குவார். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஏன்னா வெள்ளை அணு குறைஞ்சிருக்கும் என்று பக்கத்துப் படுக்கைக்காரருக்கே வகுப்பெடுத்தார். முதல்லயே சொல்லியிருந்தா பல்லையெல்லாம் அப்பவே காட்டியிருப்பேனேடா என்றார் ஒருநாள். தலை, கழுத்துக் கதிர்வீச்சுக்கு முன்னால் கெட்ட பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது. பல் டாக்டரிடம் ஏன் என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நாங்கள் அரைகுறையாக விட்ட வேலை அது. மூணு வருஷம் எங்களோடு இருந்தார்.

ரூத்துக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. 1947 முடிவதற்குள் வலி திரும்பியது. டெரோப்டெரின் நிலைத்து நிற்கிற மருந்தாக இல்லை. அதே வருடம் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இந்த வகை மருந்துகள் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு நோயைத் தூண்டிவிடுவது போல இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். ஃபோலிக் அமிலம் தீனி என்றால், அதைப் போலவே இருந்து செல்லை ஏமாற்றித் தடுக்கிற ஒன்றைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு அதையும் செய்து கொடுத்தது: அமினோப்டெரின். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கும் நம்ம ஊர் அரசு மருத்துவமனைவரை ஓடுகிற மருந்து.

அதே ஜூன் 13. யாங்கி ஸ்டேடியத்துக்கு 25 வயது. ரூத்தின் 3-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுக்கிற விழா. பழைய சீருடை உடம்பில் தொங்கியது. நடக்கத் தெம்பில்லாமல், எதிரணி வீரர் ஒருவரின் பேட்டை வாங்கி ஊன்றிக்கொண்டே மைதானத்துக்குள் போனார். நாட் ஃபெய்ன் என்ற போட்டோகிராபர் அவரைப் பின்னாலிருந்து எடுத்தார். முகம் தெரியாது. முதுகில் 3, கையில் பேட், எதிரே எழுந்து நிற்கும் கூட்டம். அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தேடிப் பாருங்க.

அந்த மாதக் கடைசியில் மெமோரியல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நியூயார்க்கில் அது புற்றுநோய்க்கென்றே இருக்கிற இடம் என்று எல்லாருக்கும் தெரியும். ரூத்துக்கும் தெரியும். என்னை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டதாகவும், இங்கே இருக்கிற எல்லாருக்கும் அந்த நோய் என்று இல்லை என்று டாக்டர் சமாளித்ததாகவும் சொல்வார்கள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் ரெண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஓர் இரவு தூங்கப்போன சுப்பாராவ் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. ஒரு வாரம் கழித்து ரூத். ரெண்டு பேருக்கும் வயது 53. ஒருவரை ஒருவர் சந்தித்ததாக எங்கும் நான் படிக்கவில்லை. ரூத்தின் உடலை ஸ்டேடியத்தின் வாசல் மண்டபத்தில் ரெண்டு நாள் வைத்திருந்தார்கள். 77,000 பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள்.

குரல் கம்மியிருந்ததால் பேப் ரூத்துக்கு வந்தது குரல்வளைப் புற்றுநோய் என்றே ரொம்ப காலம் எல்லாரும் நம்பினார்கள். பிரேதப் பரிசோதனையில் குரல்வளை சுத்தமாக இருந்தது. நோய் ஆரம்பித்தது மூக்கின் பின்னால். இன்றைக்கு அந்த நோய்க்குக் கதிர்வீச்சையும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது.